ஆபீசரின் மீசை

பாதித் தீக்குச்சி நீளம்கூட இல்லாத அந்தக் கைப்பிரம்பு ஆபீசரின் கையிலிருந்து நழுவி, கண்ணாடித் தட்டில் 'டிக்' என்று விழுந்தது. சர்வேயருக்கு அது கூரையே இறங்கிய சத்தமாகக் கேட்டது.

கோணல் என்றால் அவருக்கு ஆகாது. வேலை பார்த்த காலம் முழுவதும் நிலம் அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டிலும் வெளியிலும் அவருக்கு சர்வேயர் என்றே பெயர். சுவரில் காலண்டர் சாய்ந்து தொங்கினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சம்பந்தி வீட்டு ஹாலில், கண்ணாடி அலமாரிக்குள் அணி அணியாக நின்ற பிளாஸ்டிக் சிப்பாய்களில் இந்த ஆபீசர் மட்டும் வரிசையை விட்டு ஒரு நூல் விலகி நின்றான். வந்த நாளிலிருந்து அது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அலமாரிக் கதவில் சாவி தொங்கியது. ஹாலில் யாரும் இல்லை. ஒரே ஒரு விரலால் லேசாக நகர்த்தினார். அவ்வளவுதான்.

"என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே அவர் மனைவி உள்ளிருந்து வந்தாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு மீசையை நீவுறீங்க?"

சர்வேயர் மீசையிலிருந்து கையை எடுத்தார். கத்தரித்துச் சீவிய வெள்ளை மீசை. மானம் ஆட்டம் காணும்போதெல்லாம் கை தானாக அங்கே போய்விடும். மனைவி எட்டி அலமாரியைப் பார்த்தாள், பிரம்பைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"தொட்டீங்களா?"

"கோணலா நின்னான்."

"நின்னா நிக்கட்டும். அவன் என்ன உங்க நிலத்துலயா நின்னான்?"

பெண் கொடுத்த வீட்டில் வந்து தங்குவதே அவருக்குப் பிடிக்காத காரியம். சொந்த வீட்டின் கூரையைக் கரையான் அரித்துப் பிரித்துப் போடவேண்டி வந்திருக்காவிட்டால் அவர் இங்கே தலை வைத்துப் படுத்திருக்கமாட்டார். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வீட்டில் இருப்பது அபூர்வம். மகளும் மாமனாரும்தான் இருந்தார்கள். அந்த வீட்டில் மகள் தலை நிமிர்ந்து நடமாடவேண்டும், தன்னால் அவளுக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது. பெட்டியை எடுத்துவைக்கும்போதே அவர் தனக்குத் தானே விதித்துக்கொண்ட சட்டம் அது.

சம்பந்தி பல் டாக்டர். கிளினிக்கை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். இவர்கள் வந்த அன்றே அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

"எல்லாம் பிளாஸ்டிக்தான் சம்பந்தி. பெட்டியில துண்டு துண்டா வரும். தலை தனி, கை தனி, தொப்பி தனி. தண்ணி பாட்டில், தோள்பை, பெல்ட்டுக் கொக்கி வரைக்கும் எல்லாம் தனித்தனி. வெட்டியெடுத்து, பிசிறு தேய்ச்சு, ஒட்டி, பூதக்கண்ணாடியில பாத்துப் பாத்து வண்ணம் அடிக்கணும். இந்த ஆபீசர் கண்ணுல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுதா? ஒத்தை முடி பிரஷ்ல வச்சது. இந்த வீட்டுக்கு ஒரு பெருமை இருக்குன்னா அது இந்த அலமாரிதான்."

சொல்லும்போது அவர் கையிலிருந்த காபிக் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. இப்படி நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு இத்தனை நுணுக்கமா என்று சர்வேயர் வியந்துபோனார். மனவலிமை உள்ள மனிதர்தான். பொம்மை விளையாட்டை அவர் மதித்ததில்லை. ஆனால் சம்பந்தி என்று வந்துவிட்டால் மதித்துத்தான் ஆகவேண்டும். அதுவும் அந்த ஆபீசரைப் பார்த்ததும் அவருக்கே ஒரு பிரியம் வந்துவிட்டது. மற்றவர்கள் குனிந்தும் மண்டியிட்டும் கிடக்க, இவன் ஒருவன்தான் முதுகை வளைக்காமல், தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

அந்த நல்ல மனிதனின் பிரம்புதான் இப்போது கீழே கிடக்கிறது.

"பேசாம போய்ச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொல்றதா? ஞாயித்துக்கிழமை இதைப் பாக்கறதுக்குன்னே ஒரு கூட்டம் வருதாம். இந்த மாதிரி பொம்மை செய்யறவங்க சங்கமாம். இந்த ஆபீசர்தான் முக்கியமாம். வந்த இடத்துல கையை வச்சு உடைச்சுட்டார்னு நாளைக்குப் பேச்சு வந்தா, நம்ம பொண்ணுக்கு என்ன மரியாதை இருக்கும்?"

"சரி, யார்கிட்ட சொல்லணும்னாவது கேட்டுக்கங்க."

"இதுல கேட்க என்ன இருக்கு? நீ போய்ப் பசை ஏதாவது இருக்கா பாரு."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அவள் அப்படி வாயை மூடிக்கொள்வது அபூர்வம் என்பதை சர்வேயர் அன்று கவனித்திருக்கலாம்.

பிரம்பின் நுனியில் மிளகளவு நீல நிறத்தில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டி எறிந்தார். காகிதம் ஒட்டும் பசையைத் தடவி ஆபீசரின் கையில் வைத்தார். விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனார்.

"உடனே பிடிக்கிற பசை வேணும்."

"எதை ஒட்டணும் சார்?" என்றார் கடைக்காரர்.

"பிரம்பை."

"நாற்காலியா?"

"ஆபீசர்."

கடைக்காரர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் ஒரு சின்ன டியூபை எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பசை சொன்னபடி உடனே பிடித்தது. ஆனால் பிரம்பைப் பிடித்தது ஆபீசரின் கை அல்ல, சர்வேயரின் கட்டைவிரல். உதறினார், வரவில்லை. இழுத்தார், தோல்தான் வந்தது. மனைவி வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். கட்டைவிரலைத் தண்ணீரில் முக்கியபடி சர்வேயர் குளியலறை வாசலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தபோது, மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவளுக்கு வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை. மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் பாதி நாளைக்குக் கண்ணில் படமாட்டாள்.

"விரலுக்கு என்னப்பா?"

"முள்ளு."

"இங்க ஏதுப்பா முள்ளு?"

"எல்லா இடத்துலயும் முள்ளு இருக்கும்மா." பேச்சை மாற்ற அவள் கையைப் பார்த்தார். "அது சரி, இது என்ன நகத்துல பூசியிருக்க? சேத்துல கையை விட்ட மாதிரி இருக்கு."

மகள் சட்டென்று விரல்களை மடக்கிக்கொண்டாள். "இப்ப எல்லாரும் இந்தக் கலர்தான்பா போடுறாங்க."

"நல்ல கலர்" என்றார் சர்வேயர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பொய் வந்து மனைவி கேட்டதில்லை.

மகள் சமையலறைக்குள் போனதும் அவர் பெருமூச்சு விட்டார். எப்படி வளர்த்த பெண். கல்யாணப் பேச்சின்போது இரண்டு பக்கத்து உறவும் கூடியிருந்த சபையில் அவர் எழுந்து நின்று சொன்னார்: "என் பொண்ணுக்கு விளையாட்டுப் புத்தியே கிடையாது. பொம்மை கிம்மைன்னு எதையும் நான் தொடவிட்டதில்லை. கணக்கு தெரியும், தையல் தெரியும். வீணா ஒரு நிமிஷம் போக்கமாட்டா. இது என் வாக்கு." சர்வேயர் வாக்கு என்றால் நட்ட எல்லைக்கல் மாதிரி. அப்படிப்பட்ட வாக்கைக் கொடுத்துக் கட்டிக்கொடுத்த வீட்டில், இப்போது தான் பொம்மையை உடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் அவரைக் குடைந்தது.

ஒருவழியாகப் பிரம்பு விரலைவிட்டு வந்தது. இந்தத் தடவை இடுக்கியால் பிடித்து, மூச்சை அடக்கி, ஒட்டிவிட்டார். ஒட்டியது, இரும்புபோல. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தபோதுதான் தெரிந்தது, பிரம்பின் நுனி மேல்நோக்கிப் போய் ஆபீசரின் மூக்குக்குள் நின்றது.

"ஏங்க, மூக்கைக் குடையுறார்" என்றாள் மனைவி.

"தெரியுது."

"அதுவும் அணிவகுப்புல நின்னுக்கிட்டு."

"தெரியுதுன்னு சொன்னேன்ல."

அதோடு போகவில்லை. பசையின் ஆவி பட்டு ஆபீசரின் சட்டையும் முகமும் பனி பெய்த மாதிரி வெளுத்துப் போயிருந்தன. துடைத்தால் போய்விடும் என்று தோன்றியது. மனைவியின் பெட்டியில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் இருந்தது. பஞ்சில் நனைத்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மெதுவாகத் துடைத்தார்.

வெளுப்பு போனது. கூடவே முகமும் போனது. ஒத்தை முடி பிரஷ்ஷில் வைத்த வெள்ளைப் புள்ளி போனது. கண் போனது. மீசை போனது. உரித்த வெங்காயம் போன்ற ஒரு தலை, மூக்கில் குச்சியோடு சர்வேயரைப் பார்த்து நின்றது. பார்க்கக் கண்தான் இல்லை.

"இப்பவாவது சொல்லிடுங்க."

"மீசையில்லாம ஒரு ஆபீசரை நான் ஒப்படைக்கமாட்டேன்" என்றார் சர்வேயர்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் வரைபடம் போடும் மைப்பேனா இருக்கும். ஒரு மலையையே தபால்தலை அளவுக்குச் சுருக்கி வரைந்த கை அது. இரண்டு புள்ளி வைத்தார், கண் ஆயிற்று. மூக்கின் கீழே ஒரு கோடு இழுத்தார். மை பிளாஸ்டிக்கில் நிற்காமல் ஓடியது. இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை ஓடி, கழுத்தைச் சுற்றி, சட்டைக் காலருக்குள் இறங்கியது. வரிசையிலேயே கம்பீரமாக நின்ற மனிதன், மீசை வளர்த்தே உயிரை விட்டவன் போல ஆகிவிட்டான்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அழுகிறாள் என்று சர்வேயர் நினைத்துக்கொண்டார்.

இனி ஒரே வழிதான். ஆபீசரைக் கடைசி வரிசையில், அங்கிருந்த பிளாஸ்டிக் கூடாரத்தின் மறைவில் நிறுத்திவிட்டு, அவன் இடத்தில் வேறொருவனை வைத்துவிடுவது. சம்பந்தி நடைக்குப் போயிருந்தார். மகள் மாடிக்குப் போய்விட்டாள். சர்வேயர் அலமாரிக்குள் கையை நீட்டினார். போகும்போது கை ஒழுங்காகப் போனது. திரும்பும்போது சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானில் கொடி பிடித்தவனின் கொடிக்கம்பு மாட்டிக்கொண்டது.

கொடி பிடித்தவன் தம்பட்டக்காரன் மேல் சாய்ந்தான். தம்பட்டக்காரன் துப்பாக்கிக்காரன் மேல் சாய்ந்தான். எந்த எதிரியும் வராமலேயே அந்தப் படை முழுவதும் படுத்துவிட்டது. பதறிப்போய்த் தாங்கிப் பிடிக்கப் போன சர்வேயரின் முழங்கை கண்ணாடித் தட்டின் மூலையில் இடித்தது. மூலையிலிருந்து ஒரு விரிசல், அவர் போட்ட எந்த எல்லைக்கோட்டையும்விட நேராக, தட்டின் குறுக்கே ஓடியது.

தொப்பிகளும் தோள்பைகளும் தண்ணீர் பாட்டில்களும் அரிசி சிந்தியது போல இறைந்து கிடந்தன. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கிடைத்ததைக் கிடைத்தவன் மேல் சொருகி நிறுத்தினார். சமையல்காரன் தோளில் துப்பாக்கி ஏறியது. துப்பாக்கிக்காரன் கையில் கரண்டி. அடிபட்டுப் படுக்கையில் கிடந்தவனுக்கு ஊதுகுழல். கதவைச் சாத்திவிட்டு அவர் செய்தித்தாளை விரிக்கவும் பல் டாக்டர் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"சம்பந்தி, பேப்பர் தலைகீழா இருக்கு" என்றார் டாக்டர் மரியாதையாக.

"கண்ணுக்குப் பயிற்சி" என்றார் சர்வேயர்.

டாக்டர் சிரித்துக்கொண்டே திரும்பினார். அலமாரியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கிட்டப் போய் விரிசலைத் தடவிப் பார்த்தார். அதிர்ச்சியில் சிப்பாய்களை அவர் சரியாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அலமாரி போட்ட கண்ணாடிக்காரன் மட்டமானதைத் தலையில கட்டிட்டான்" என்றார். "தடிமனான கண்ணாடி போடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வரட்டும் அவன்."

சர்வேயர் வாயைத் திறந்தார். கை மீசைக்குப் போனது.

கண்ணாடிக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். நடுவயதுக்காரர். காதில் பென்சில், கையில் டேப். அலமாரி முன் மண்டியிட்டு விரிசலைப் பார்த்தார்.

"என் கண்ணாடி இப்படித் தானா விடாதுங்க டாக்டர் ஐயா. இது இடிச்ச விரிசல்."

"யாருப்பா இடிப்பாங்க? வீட்டுல இருக்கிறதே பெரியவங்கதான். கனம் தாங்கல, அதான் விட்டுடுச்சு. மட்டமான சரக்கைப் போட்டுட்டு இப்பக் கதை சொல்லாத."

"தொழில் சுத்தமா செய்யறவன் ஐயா நான். அந்தப் பேரைத் தவிர என்கிட்ட வேற ஒண்ணும் கிடையாது."

"பேரைப் பத்தி ஞாயித்துக்கிழமை வர்றவங்ககிட்டச் சொல்லு. அவங்க வீட்டுக்கெல்லாம் நீதானே அலமாரி போடப்போறதா இருந்த? இனிமே போட்ட மாதிரிதான்."

கண்ணாடிக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. டேப்பைக் கையில் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். சத்தம் கேட்டு மகள் மாடிப்படியில் வந்து நின்றாள். மனைவி சமையலறை வாசலில் நின்றாள்.

சர்வேயர் செய்தித்தாளை மடித்தார். மூலைக்கு மூலை சரியாக மடித்து மேசைமேல் வைத்தார். எழுந்து நின்றார். முதுகு நேரானது.

"டாக்டர், அந்த மனுஷனை ஒண்ணும் சொல்லாதீங்க. இடிச்சது நான்."

"எங்க குடும்பத்துல தப்பு பண்ணினவங்க இருந்திருக்கலாம். செய்யாதவன் தலையில அதைக் கட்டிட்டுப் பேப்பர் படிச்சவங்க கிடையாது. கண்ணாடி மட்டுமில்ல. உங்க ஆபீசரைத் தொட்டேன். பிரம்பு உடைஞ்சது. ஒட்டினேன், மூக்குல ஒட்டிக்கிச்சு. துடைச்சேன், முகம் போயிடுச்சு. மீசை வரைஞ்சேன். அது எங்க போய் நின்னிருக்குன்னு நீங்களே பாருங்க."

அலமாரியைத் திறந்து, கூடாரத்தின் பின்னாலிருந்து ஆபீசரை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கை நடுங்கவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

"இதுக்காக என் பொண்ணை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க. அவளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

டாக்டர் ஆபீசரைப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கியது. சமாளித்துக்கொண்டு சொன்னார்.

"சம்பந்தி, பிரம்பு உடையவே இல்லையே. அதை இன்னும் ஒட்டவே இல்ல. நிக்கிற வாகு எப்படி இருக்குன்னு பாக்க, நுனியில ஒட்டுக் களிமண் வச்சுச் சும்மா பொருத்தியிருந்தது. நீல நிறத்துல இருந்திருக்குமே?"

சர்வேயருக்கு, நகத்தால் சுரண்டி எறிந்த மிளகளவு அழுக்கு நினைவுக்கு வந்தது. பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ நான் ரிப்பேர் பண்ணினது..."

"அதுதான் ரிப்பேர்" என்றாள் மனைவி.

"பரவால்லீங்க, ரெண்டு நாள் வேலை. வண்ணத்தை வழிச்சுட்டுப் புதுசா அடிச்சா சரியாயிடும்" என்றார் டாக்டர்.

"நீங்க பெரிய மனசு பண்றீங்க. ஆனா உங்க கையால உயிரைக் கொடுத்துச் செஞ்ச பொருள். மன்னிப்புன்னா செஞ்சவங்களை நேருக்கு நேர் பாத்துக் கேட்கணும். அதுதான் எங்க வழக்கம்."

டாக்டர் நடுங்கும் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார். மகள் படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்."

"வேண்டாம்மா" என்றார் டாக்டர் அவசரமாக. "அன்னைக்குச் சபையில உங்கப்பா சொன்ன வாக்கு, சொன்னபடியே இருக்கட்டும்."

எந்த வாக்கு, அது எதற்கு இப்போது என்று சர்வேயருக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

பழி நீங்கிய சந்தோஷத்தில் கண்ணாடிக்காரர்தான் எழுந்து வந்தார். சர்வேயரின் உள்ளங்கையிலிருந்து ஆபீசரை இரண்டு விரலால் பதமாக எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பொம்மையை ஒரு தடவையும் விறைத்து நின்ற பெரியவரை ஒரு தடவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி மனம் நிறைந்து சொன்னார்:

"அக்கா, நான் அலமாரி மாட்ட வந்தப்போ, 'எங்கப்பா நிக்கிற மாதிரியே வரணும்'னு சொல்லி இந்த ஆபீசர் முதுகை மூணு தடவை பிரிச்சுப் பிரிச்சு ஒட்டிக்கிட்டிருந்தீங்களே, இப்ப ஐயாவை நேர்ல பாத்தா முதுகு அச்சு அசலா வந்திருக்கு, மீசையை மட்டும் ஐயாவே போட்டுக்கிட்டாரு போல."